கோர்ட்டு அபராதமும் குடியானவர் கடமையும்

கோர்ட்டில் விதித்த அபராதத்தைச் செலுத்தாமல் சில காலம் ஊரைவிட்டு விலகியிருந்தால் அது தானே மறைந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. கையில் பணமில்லாதவனுக்குச் சிறையே கதியென்று அஞ்சி, உழவு மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்போரும் உண்டு. திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிக் குடியானவர்கள் இவ்விரு எண்ணங்களையும் கைவிடுதல் நலம்.

குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் முறையாயின், மோட்டார் வாகனச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதம் விதிக்கும் மாஜிஸ்திரேட், கட்டத் தவறினால் இத்தனை நாள் சிறை என்பதையும் தீர்ப்பிலேயே கூறலாம். அந்நாட்கள் குற்றத்துக்குரிய உச்சச் சிறைக்காலத்தில் நான்கில் ஒரு பங்கை மீறலாகாது. இங்கே அது ஒன்றரை மாதம்.

அபராதம் மட்டுமே தண்டனையாயுள்ள சிறு குற்றங்களுக்கு அளவு வேறு. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 50 ரூபாய் வரை இரண்டு மாதம், 100 ரூபாய் வரை நான்கு மாதம் என்றிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அத்தொகைகள் 5,000, 10,000 என உயர்ந்தன. அதற்கு மேற்பட்டால் ஓராண்டு வரை போகலாம்.

பலரும் அறியாத வசதி ஒன்றுண்டு. அபராதம் மட்டும் விதிக்கப்பட்டு, உடனே கட்ட இயலாதவர், அதை அங்கேயே மாஜிஸ்திரேட்டிடம் பணிவுடன் தெரிவிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் முழுவதுமாகவோ, இரண்டு மூன்று தவணைகளாகவோ செலுத்தக் கோர்ட்டு அனுமதிக்கலாம். முதல் தவணை முப்பது நாளுக்குள். அடுத்தவை முப்பது நாளுக்கு மிகாத இடைவெளியில். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தால் அதுவரை சிறை நிறுத்திவைக்கப்படும். தவணை தவறினால் சிறைத் தண்டனையை உடனே நிறைவேற்ற உத்தரவிடலாம். வாய் திறந்து கேளாமையால் சிறை சென்றவர் குடும்பத்தில் நடவுக் கூலியும் போகும், மானமும் போகும். இதற்குச் சட்டத்தைக் குறைகூறிப் பயனில்லை.

சிறை சென்ற பின்னும் வழி அடைபடவில்லை. முழுத் தொகையும் கட்டப்பட்ட கணமே, கட்டாமைக்கான சிறை முடிகிறது. பகுதி கட்டினாலும் அதற்கேற்ப நாட்கள் குறையும். 10,000 ரூபாய்க்கு நாற்பது நாள் எனில், 5,000 ரூபாய் கட்டியவர் இருபது நாளில் வெளிவருவார்.

இனி, ஒளிந்திருப்போர் கவனத்துக்கு. தீர்ப்பு நாளிலிருந்து ஆறு ஆண்டு வரை அபராதத்தை வசூலிக்கலாம். அசையும் பொருள்களை ஜப்தி செய்து விற்கக் கோர்ட்டு வாரண்டு பிறப்பிக்கலாம். அல்லது கலெக்டருக்கு எழுதி, நிலவரிப் பாக்கி போல நிலத்தின்மீதும் வசூலிக்கச் செய்யலாம். அவர் இறந்தாலும், அவருடைய கடனுக்குப் பொறுப்பாகும் சொத்து இதற்கும் பொறுப்பே; பிள்ளைகளுக்கு வந்த நிலமும் தப்பாது. ஆனால், கட்டாமைக்கான சிறையை முழுதும் அனுபவித்தவர்மீது, தனிக் காரணம் எழுதினாலன்றி, அல்லது பாதிக்கப்பட்டவருக்கு அபராதத்திலிருந்து இழப்பீடு தர உத்தரவிருந்தாலன்றி, இவ்வாரண்டு பிறப்பிக்கலாகாது.

பரம ஏழைகளுக்காக மத்திய அரசு 2023-இல் ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தை வகுத்தது. அபராதம் கட்ட இயலாது சிறையிலிருக்கும் தகுதியுடைய கைதிக்கு 25,000 ரூபாய் வரை உதவ அதில் இடமுண்டு. கலெக்டரை உள்ளிட்ட மாவட்டக் குழு முடிவு செய்கிறது.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். ஊர்க்கூட்டம் விதிக்கும் அபராதத்துக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. கட்டாதவரை ஊரைவிட்டு ஒதுக்கினால் ஒதுக்கியவரே கோர்ட்டு ஏற நேரும். ஊராட்சிப் பொறுப்பிலுள்ளோர் இதற்குத் துணைபோகலாகாது.

அபராதத் தொகையை இடைத்தரகர் கையில் கொடுக்க வேண்டாம். கோர்ட்டிலேயே கட்டி ரசீது பெற்று, பட்டாவோடு பத்திரப்படுத்துக. சட்டம் புரியாதோர் புதுக்கோட்டையிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலிலுள்ளோர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி கிடைக்கும். தொலைபேசி எண் 15100.