மாம்பழ மண்டிக்கு ஒரு தரவுத்தளம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கெங்குவார்பட்டியில் என் சித்தப்பா மாம்பழக் கமிஷன் மண்டி நடத்துகிறார். சென்ற பருவத்தில் இரண்டு கணக்கர்கள் ஒரே கணக்குக் கோப்பை இரு கணினிகளில் திறந்து எழுதினார்கள். பின்னால் சேமித்தவரின் கோப்பு, முன்னவர் எழுதிய வரிகளை விழுங்கிவிட்டது. ஒரு பாட்டியின் பதினொரு பெட்டிக் காய் கணக்கிலேயே இல்லை! துண்டுச் சீட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததால் அவருக்குப் பணம் கிடைத்தது. சீட்டைத் தொலைத்தவர்களின் கதி என்ன?

இக்குறையைப் போக்குவதே தரவுத்தளம் என்னும் மென்பொருள். ஏட்டைத் தானே வைத்துக்கொண்டு, பலர் சொல்வதையும் ஒழுங்குபடுத்தி எழுதும் தலைமைக் கணக்கர் என்று அதைச் சொல்லலாம். விவசாயிக்குப் பணம் கொடுத்தால் அவர் பற்றிலும் ரொக்கப் புத்தகத்திலும் வரி ஏற வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால், நல்ல தரவுத்தளம் அரைகுறையாக விடாது. இரண்டையும் எழுதும், அல்லது இரண்டையும் நீக்கும்.

மதுரையில் கணினி படிக்கும் என் அண்ணன், மண்டியின் பழைய கணினியில் லினக்ஸை ஏற்றி அதைச் சர்வராக்கினார். லினக்ஸுக்கு விலை இல்லை. தரவுத்தளத்துக்கு?

ஆரக்கிள் நிறுவனத்தின் இலவசப் பதிப்பு 12 ஜிபி தரவுக்கு மேல் ஏற்காது. எங்கள் மண்டிக்கு அது பல்லாண்டு காணும் என்றாலும், எல்லை தாண்டினால் பெரிய விலை கொடுக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்கியூலைட் நம் கைபேசிகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். பல கணினிகள் பகிரும் கோப்புக்கு அது ஏற்றதன்று.

மிஞ்சியவை இரண்டு. போஸ்ட்கிரெஸ், 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நம் தேசிய தகவலியல் மையம் நூலகங்களுக்குத் தரும் இ-கிரந்தாலயா மென்பொருளின் நான்காம் பதிப்பு இதன்மேல்தான் இயங்குகிறது. மற்றது மரியாடிபி. மைக்கேல் விடேனியஸ் என்பவர் மூத்த மகள் 'மை'யின் பெயரால் மைஎஸ்கியூஎல் படைத்தார். அது ஆரக்கிள் கைக்குப் போகும் நிலை வந்தபோது, 2009இல் அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து இளைய மகள் மரியாவின் பெயரை இட்டார். (பெண் பிள்ளைகளுக்கு இப்படியும் ஒரு சீர்வரிசை!) இரண்டுமே இலவசம், இரண்டுமே தரமானவை. அண்ணன் கல்லூரியில் பழகியது மரியாடிபி. பழுதானால் பார்க்க ஆள் வேண்டுமே என்று சித்தப்பா அதையே எடுத்தார்.

செலவு வேறிடத்தில் வந்தது. மின்தடைக்கு ஒரு யுபிஎஸ். ஒவ்வோர் இரவும் நகலெடுக்க ஒரு தனி வட்டு. "இலவசம் என்றாயே!" என்று சித்தப்பா முணுமுணுத்தார். நகலை மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது எனக்கும் அது வீண் வேலையாகவே பட்டது. முதல் மாதம் திறந்தோம். நகல் வெறுமையாக இருந்தது. வட்டை இணைக்கும் கம்பி தளர்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இப்போது அந்தச் சோதனை என் பொறுப்பு.