நம்ம வண்டி எதுப்பா? - கார்கள் எல்லாம் ஒரே முகமான கதை

ஞாயிற்றுக்கிழமை இரவு. படம் முடிந்து, மாலின் கார் பார்க்கிங்குக்கு இறங்கி வருகிறது ஒரு குடும்பம். வரிசையாக வெள்ளை கார்கள். "நம்ம வண்டி எதுப்பா?" என்று மகள் கேட்கிறாள். அப்பா ரிமோட்டை அழுத்துகிறார். எங்கோ ஒரு மூலையில் 'கீக் கீக்' சத்தம். விளக்கு சிமிட்டிய பிறகுதான் சொந்தக் கார் அடையாளம் தெரிகிறது. பின்னால் வரும் தாத்தா முணுமுணுக்கிறார்: "எங்க காலத்துல, தெருமுனையில திரும்பும்போதே அது யார் வீட்டுக் காருன்னு சொல்லிடுவோம்!"

தாத்தாவின் பேச்சு வெறும் பழைய நினைப்புதானா? இல்லை, கார்களின் அழகு நிஜமாகவே குறைந்துவிட்டதா?

வண்டலூரில் பிறந்த இத்தாலிய அழகு

1960-களில் நம் சாலைகளில் ஓடிய கார்கள் மிகச் சில. முட்டை வடிவ முதுகும் பெரிய வயிறுமாக அம்பாசடர். சின்னதாக, சிக்கென்று ஃபியட். மூன்றாவது, நம்ம ஊர்ப் பிள்ளையான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான கார் அது.

ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிகெலோட்டி. 1959-ல் இங்கிலாந்தில் 'ட்ரையம்ஃப் ஹெரால்ட்' என்று அறிமுகமாகி, 1961-ல் இங்கே வந்தது. பானட்டைத் திறந்தால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து, முன்பக்கம் முழுவதுமே முதலை வாய்போல மேலே எழும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அழகும் வசதியும் ஒன்றாக இருந்த கார்.

மூன்று கார்தான் இருந்தது என்பதால் அடையாளம் தெரிந்தது என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, மூன்றும் ஒன்றையொன்று பார்த்து வரையப்பட்டவை அல்ல.

சிற்பிகள் செய்த கார்கள்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்ல் என்பவர் 1920-களிலேயே களிமண்ணில் காரின் வடிவத்தைச் செய்து பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். பிரான்ஸின் சிட்ரோயன் டி.எஸ். காருக்கு உருவம் கொடுத்த ஃப்ளாமினியோ பெர்டோனி, நிஜமாகவே ஒரு சிற்பி. 1955-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அந்தக் கார் மேடையேறியபோது, முதல் நாளே பல ஆயிரம் பேர் ஆர்டர் கொடுத்தார்கள்.

1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப் இன்னொரு அதிசயம். நீளமான மூக்கு, ஒட்டிய இடுப்பு, மெலிந்த வால். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1996-ல் அதை ஓவியம், சிற்பங்களோடு தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அதை வரைந்த மால்கம் சேயர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காற்றைக் கிழித்துக்கொண்டு போக ஏற்ற வளைவுகளைக் கணக்குப் போட்டே வரைந்தவர்.

வளைவுகளை நிமிர்த்திய விதிகள்

அப்படியானால் என்னதான் நடந்தது? காரணங்கள் ஒன்றிரண்டு அல்ல.

முதலாவது பெட்ரோல். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும், மைலேஜ் பெரிய விஷயமானது. காற்று தடுக்கத் தடுக்க எரிபொருள் அதிகம் செலவாகும். எல்லா கம்பெனிகளும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துக் காரைச் சோதித்தன. ஐந்து பேர், நான்கு பெட்டி, குறைந்த காற்றுத் தடை என்று எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டால், விடையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தானே வரும்?

இரண்டாவது, நடந்து போகிறவர்களின் பாதுகாப்பு. கார் மோதினால் பாதசாரியின் தலை பானட்டில் விழும். தகடு கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம். அடியிலேயே இன்ஜின் இரும்பு இருந்தால் ஆபத்து. அதனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் 2005 முதல் இதற்கான விதிகள் அமலுக்கு வந்தன. தாழ்ந்து நீண்டிருந்த மூக்குகள் உயர்ந்தன. கண்ணிமைபோலத் திறந்து மூடும் ஹெட்லைட்டுகளும் 2004-க்குப் பிறகு புதிய கார்களில் இருந்து மறைந்துபோயின.

மூன்றாவது, தூண்கள். கார் உருண்டாலும் கூரை நசுங்கக் கூடாது. பக்கவாட்டு ஏர்பேக்குகளுக்கும் இடம் வேண்டும். கண்ணாடியை ஒட்டிய தூண்கள் பருத்தன, ஜன்னல்கள் சிறுத்தன. பழைய ஃபியட்டில் பின்சீட்டில் உட்கார்ந்த குழந்தைக்கு ஊரே தெரியும். இன்று பல கார்களில் வானம் மட்டும்தான் தெரிகிறது.

டிக்கியை வெட்டிய வரி

இந்தியாவுக்கென்று தனியாக ஒரு காரணம் உண்டு. 2006 மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய இன்ஜின் கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவிகிதத்தில் இருந்து 16 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. வாங்குபவருக்கு நல்ல செய்திதான். ஆனால், டிக்கி வைத்த செடான் கார்களை 4 மீட்டருக்குள் எப்படி அடக்குவது? வாலை வெட்டினார்கள்! 2008-ல் டாடா இண்டிகோ சி.எஸ். அப்படித்தான் வந்தது. 2012-ல் மாருதி டிசையரும் அதே வழியில் குட்டையானது. முன்னால் முழுக்கார், பின்னால் அரை டிக்கி. பென்சில் பிடித்தவரின் கையை வரி அட்டவணை பிடித்துக்கொண்டது.

உயிரா, அழகா?

பழைய கார்களைக் கொண்டாடும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரும்பு டேஷ்போர்டு, நெஞ்சுக்கு நேராக நிற்கும் ஸ்டீயரிங் தண்டு, பெல்ட் இல்லாத சீட். அந்த அழகான கார்களில் விபத்து நடந்தால், பிழைப்பது அதிர்ஷ்டம். அமெரிக்க கார்களின் பின்பக்கம் கூராக நீண்டிருந்த இறக்கைகளில் மோதி, நடந்தும் சைக்கிளிலும் சென்றவர்கள் பலியானதை ரால்ஃப் நேடர் 1965-ல் தன் புத்தகத்தில் எழுதினார். நம் ஊரில் 2023 அக்டோபரில் தொடங்கிய 'பாரத் என்கேப்' சோதனைக்குப் பிறகு, கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜோடு சேர்த்து நட்சத்திரத்தையும் கேட்கிறார்கள். உயிரைக் காக்க ஒரு வளைவை இழந்தால், அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் பாதுகாப்பின் மேல் போட்டுவிட முடியாது. காற்றே போகாத போலி துவாரங்கள், புகையே வராத போலி சைலன்ஸர் வாய்கள், காருக்குக் கோபம் வந்ததுபோன்ற முகங்கள்... இவற்றை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஒரே அடித்தளத்தில் பல கார்களைக் கட்டினால் செலவு குறையும். ஒரே காரை இரண்டு பெயரில் விற்றால் இன்னும் குறையும். மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்ஸாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பலர் பேட்ஜைப் பார்த்துத்தான் பெயர் சொல்வார்கள்.

அழகை வரைந்தவர்களின் வீடுகளும் கை மாறிவிட்டன. புகழ்பெற்ற பெர்டோனே நிறுவனம் 2014-ல் திவாலானது. ஃபெராரி கார்களுக்கு உருவம் கொடுத்த பினின்ஃபரினாவை வாங்க 2015-ல் ஒப்பந்தம் போட்டது நம் மஹிந்திரா.

இன்னமும் முடியும்

இத்தனை விதிகளுக்குள்ளும் தனி முகம் சாத்தியம் என்பதற்குச் சாட்சி, ஸ்ரீபெரும்புதூர் பக்கமே இருக்கிறது. அங்கே அசெம்பிள் ஆகும் ஹூண்டாய் ஐயோனிக் 5 காரை இருட்டில் பார்த்தாலும் தெரியும். சதுரம் சதுரமான அதன் விளக்குகள் அப்படி. 1974-ல் இத்தாலியின் ஜியோர்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த 'போனி கூபே' மாதிரிக் காரில் இருந்துதான் அதன் கோடுகளுக்கான யோசனை பிறந்தது. அதே பாதுகாப்பு விதிகள், அதே காற்றுக் கணக்கு. ஆனால், வரைந்தவர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்திருக்கிறது. விலைதான் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். ஹெரால்டும் ஃபியட்டும் ஒரு காலத்தில் ஊர் டாக்டரின் வீட்டுக்கு வந்ததுபோல, இந்தத் தனி முகம் சின்னக் கார்களுக்கும் வர வேண்டும்.

ஒரு சிறு சோதனை. வீட்டில் இருக்கும் குழந்தையிடம் பேப்பரும் பென்சிலும் கொடுத்து, ஒரு கார் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் முன்னால் ஒரு மூக்கு, நடுவில் வளைந்த கூரை, பின்னால் ஒரு டிக்கி, கீழே இரண்டு சக்கரம் என்றுதான் வரையும். அந்தக் குழந்தை அம்பாசடரையோ ஹெரால்டையோ பார்த்தே இருக்காது.

அந்தப் படத்தைத் தாத்தாவிடம் காட்டினால், அவர் பெயரே சொல்லிவிடுவார்.