திரைவழி ஐ.நா.: பதின்பருவத்தினர் தலைமை பழகும் களம்

மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகி, ஐக்கிய நாடுகள் சபையின் நடைமுறைப்படி ஓர் உலகப் பிரச்சினையை விவாதித்துத் தீர்மானம் இயற்றும் பயிற்சிதான் மாதிரி ஐ.நா. மாநாடு. ஐ.நா. தோன்றுவதற்கு முன்பே, 1920களில், அதன் முன்னோடியான சர்வதேச சங்கத்தை (League of Nations) வைத்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய மாதிரி அமர்வுகள் நடந்தன. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் பள்ளி மாணவர்களுக்கான மாநாடு 1968-ல் தொடங்கியது. 2020-ல் கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது, இத்தகைய மாநாடுகள் பலவும் ஸூம் போன்ற செயலிகளுக்கு மாறின. விமானக் கட்டணமும் விசாவும் தேவைப்படாததால், இணையவழி அமர்வுகள் அதன் பிறகும் தொடர்கின்றன.

பயிற்சி, மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. எந்த நாடு என்பதைப் பெரும்பாலும் அமைப்பாளர்களே முடிவு செய்வார்கள். பருவநிலை மாற்றத்தில் தீவிர அக்கறை கொண்ட மாணவிக்குச் சவுதி அரேபியா வரலாம். எண்ணெய் வருமானத்தை நம்பியிருக்கும் நாட்டின் நியாயத்தை அவர் படித்து, நிலைப்பாட்டு அறிக்கையாக எழுதியாக வேண்டும். தமக்குப் பிடிக்காத வாதத்தையும் உள்ளிருந்து புரிந்துகொள்ளும் இந்தப் பழக்கம், மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பேச்சுப் போட்டிகளில் கிடைப்பதில்லை.

அமர்வில் ஒவ்வொருவருக்கும் பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். ஆனால் உண்மையான வேலை பேச்சு முடிந்த பிறகே ஆரம்பிக்கிறது. பிரதிநிதிகள் சிறு இணைய அறைகளாகப் பிரிந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய பொது ஆவணத்தில் வரைவுத் தீர்மானத்தை எழுதுகிறார்கள். நிதியை யார் தருவது என்ற ஒரு வரிக்காக அரை மணி நேரம் இழுபறி நடக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேட்காமலே அழிப்பார். சிலர் மைக்கை அணைத்துவிட்டு வாய்திறக்காமல் இருப்பார்கள். அப்போது, "கென்யா இன்னும் பேசவில்லை, அவர்கள் கருத்தையும் கேட்போம்" என்று ஒரு பதினைந்து வயதுக்காரர் சொல்வதே தலைமை. பொதுச்சபைக் குழுவில் "எல்லா நாடுகளும் உடனே நிதி தர ஆணையிடுகிறது" என்று எழுதினால், அவைத் தலைவர் திருப்பி அனுப்பிவிடுவார். உறுப்பு நாடுகளுக்குப் பொதுச்சபை இப்படி ஆணையிட முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். கட்டளையிட அதிகாரம் இல்லாத இடத்தில் பிறரை இணங்கவைப்பது எப்படி என்பதை இந்த விதியே கற்றுக்கொடுக்கிறது.

பள்ளி மாநாடுகளில் அந்த அவைத் தலைவரும் பெரும்பாலும் ஒரு மூத்த மாணவர்தான். நேரத்தைக் கணக்கிட்டு, பேச்சு வரிசையைக் காத்து, எந்தப் பக்கமும் சாயாமல் அவையை நடத்தும் பொறுப்பு அவருடையது.

திரைக்கென்று குறைகளும் உண்டு. எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பு தெளிவாகத் தெரிவதில்லை. மின்வெட்டும் டேட்டா பற்றாக்குறையும் சிற்றூர் மாணவரைப் பாதி விவாதத்தில் வெளியேற்றிவிடும். எழுதிவைத்ததைத் திரையைப் பார்த்து வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் எளிது. பெருங்கூட்டமான குழுவில் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை காணாமல் போய்விடும். முதன்முறை கலந்துகொள்பவருக்குச் சிறிய குழுவே பொருத்தம்.

பிள்ளைகளைப் பதிவு செய்யும் பெற்றோரும் ஆசிரியர்களும் சிறந்த பிரதிநிதி விருதை அளவுகோலாக்க வேண்டாம். மற்ற நாட்டின் எந்த யோசனையை உன் வரைவில் சேர்த்தாய் என்று அமர்வு முடிந்ததும் கேளுங்கள்.