முதலில் வெளிச்சம், பிறகு நிறம்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான பொம்மை வீரன் பெரும்பாலும் 28 முதல் 32 மில்லிமீட்டர் உயரம்தான் இருப்பான். அதற்குள் முகம், கவசம், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் மேலங்கி என எல்லாம் உண்டு. அறை வெளிச்சம் இவ்வளவு சிறிய மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியும்படி நிழல் விழவைப்பதில்லை. எனவே வெளிச்சத்தையும் நிழலையும் வண்ணம் தீட்டுபவரே போட்டாக வேண்டும். தூரிகையில் அது மணிக்கணக்கான வேலை. ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக் மையை ஊற்றி அடிப்பவர்கள் அதில் பெரும்பகுதியைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள்.

ஏர்பிரஷ் ஒன்றும் புதிய கருவியல்ல. 1870களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பவர் இதன் முன்னோடியைச் செய்தார். தொடக்கத்தில் புகைப்படங்களுக்கு மெருகேற்றத்தான் அது பயன்பட்டது. இன்றைய கருவியின் நுனியில் அரை மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான ஒரு துளை, அதை அடைத்துக்கொண்டு ஓர் ஊசி. துளையைச் சுற்றிக் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. மை வெளியே இழுக்கப்பட்டுத் துகள்களாகச் சிதறுகிறது. விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் ஊசி விலகி மை வரும். முடிக்கும்போது மையை முதலில் நிறுத்திவிட்டு, அதன் பிறகே காற்றை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் நுனியில் ஒரு சொட்டு தேங்கி நின்று, அடுத்த முறை விசையைத் தொட்டதும் வீரனின் முகத்தில் போய் விழும்.

சாதாரண அக்ரிலிக் பெயின்ட் கெட்டியானது. தின்னர் கலந்து நீர்க்க வைத்தால்தான் இந்தத் துளையில் நுழையும். நீர்த்தால் நிறமும் பலவீனப்படும். மையில் அந்தச் சிக்கல் இல்லை. நிறமித் துகள்கள் மிக நுண்ணியவை, அளவிலும் அதிகம், திரவமோ ஏற்கெனவே நீர்த்தது. குப்பியை நன்றாகக் குலுக்கி அப்படியே ஊற்றலாம். காற்றழுத்தமும் குறைவாகவே போதும்: 12 முதல் 18 பி.எஸ்.ஐ., கார் டயருக்கு அடிப்பதில் ஏறக்குறைய பாதி.

பொம்மை முழுவதற்கும் முதலில் கறுப்பு பிரைமர், அதாவது அடிப்பூச்சு, பூசிக் காயவிடுகிறார்கள். பிறகு தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை மையை அடிக்கிறார்கள். தோள், மூக்குத்தண்டு, மடிப்பின் மேல்விளிம்பு ஆகியவை வெளுக்கின்றன. அக்குளும் மடிப்பின் உள்பக்கமும் கறுப்பாகவே நிற்கின்றன. நடுவில் சாம்பல் நிறம் தானாக அமைந்துவிடுகிறது. இதன்மேல் அடிக்கும் நிற மை ஒளி ஊடுருவக்கூடியது. ஒளி அதன் வழியே உள்ளே போய், அடியில் உள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பும்போது நிறம் பளிச்சென்று தெரிகிறது. கறுப்பில் பட்டால் திரும்புவதே இல்லை. ஒரே சிவப்பு மை, ஒரே பூச்சு: தோளில் செக்கச்செவேல், மடிப்பில் கருஞ்சிவப்பு.

எல்லா நிறமும் இப்படிச் சொன்னபடி கேட்காது. மஞ்சளை அடித்துப் பாருங்கள்: வெள்ளையின் மேல் எலுமிச்சை நிறம், சாம்பலின் மேலோ பாசி பிடித்த பச்சை! கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அதனால் மஞ்சள் அங்கிக்குக் கறுப்பு பிரைமரை விட்டுவிட்டு, அடர் பழுப்பிலோ கருஞ்சிவப்பிலோ தொடங்குவதே சரி. சோதனையின் சுவையே இங்குதான். வெள்ளிப் பூச்சின் மேல் அதே மஞ்சள் மை தங்கமாகிவிடும். மேலே துளி பழுப்பைத் தூவினால் பழந்தங்கம்.

மை நீர்த்திருப்பதே அதன் பெரிய தொல்லையும்கூட. மிக அருகிலிருந்து, மிகுதியாக அடித்தால் காற்று அதைச் சிலந்திக்கால்களாக நாலாபுறமும் விரட்டும். மெல்லிய பூச்சாக அடித்துக் காயவிட்டு, மறுபடி அடிப்பதுதான் வழி. காய்ந்ததும் பல மைகள் பளபளக்கும். மேலே மேட் வார்னிஷ் அடிக்காவிட்டால் நாம் போட்ட நிழல்களை அந்தப் பளபளப்பே கெடுத்துவிடும். கடையில் வாங்கும்போது நிறமி கலந்த அக்ரிலிக் மைதானா என்று பாருங்கள். சாய மைகள் பலவும் வெயிலில் வெளுக்கும், மேலே பூசும் நிறத்துக்குள்ளும் கசியும். அரக்கு கலந்த இந்திய மை வேண்டவே வேண்டாம். ஊசியில் ஒட்டிக் காய்ந்தால் கருவியைப் பிரித்துக் கழுவுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

விலை கொடுத்து வாங்கிய பொம்மையில் தொடங்காதீர்கள். கறுப்பு பிரைமர் பூசிய பிளாஸ்டிக் கரண்டியின் முதுகே முதல் சோதனைக்குப் போதும். தண்ணீரில் கரையும் மைதானே என்று சுவாசக் கவசத்தையும் தள்ளிவைக்காதீர்கள். இவ்வளவு நுண்ணிய துகள் மூக்கோடு நிற்காது, நுரையீரல் வரை போகும்.