விசையழுத்தத்தை இடைமறிக்கும் கலை

கணினியில் விசையொன்றை அழுத்தியதும் இயங்குதளம் பிறப்பிக்கும் அறிவிப்பு 'நிகழ்வு' எனப்படும்; அது எழுதுசெயலியைச் சேருமுன் இடைமறித்து, ஈடான தமிழெழுத்தை அனுப்புவதே தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் வேலை. அத்தகைய மென்பொருளான, தமிழா குழுவின் இ-கலப்பை, தொடக்கப் பதிப்புகளில் இவ்விடைமறிப்பைத் தானே செய்யாமல், லாவோ மொழிக்காக 1993இல் மார்க் டர்டின் உருவாக்கிய கீமேன் என்னும் வெளியார் பொறியிடம் ஒப்படைத்திருந்தது. அப்போது கீமேன் உரிமத்துக்கு உட்பட்ட மூடிய நிரலாக இருந்ததால், மூன்றாம் பதிப்பில் அதைக் கைவிட்டு, விசைகளைப் பிடிக்கும் பகுதியைச் சொந்தமாகவே எழுதிக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டனர்.

அதன் அருமை புரிய, கொடைக்கானலுக்கு மேற்கேயுள்ள மன்னவனூரின் பெயரை ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில விசைகளின் ஒலியைக் கொண்டு, தட்டச்சு செய்வதைப் பார்க்கலாம். 'எம்' விசையை அழுத்தியதும் மகரமும் புள்ளியுமாக இரு குறியீடுகள் பதிவாகின்றன. அடுத்து ஆங்கில 'ஏ' வந்ததும், முன்பு எழுதியதை நினைவில் வைத்திருக்கும் மென்பொருள், பேக்ஸ்பேஸ் அழுத்தியது போன்ற செயற்கை நிகழ்வொன்றை அனுப்பிப் புள்ளியை மட்டும் நீக்குகிறது. அச்செயற்கை நிகழ்வும் அதே வழியில்தான் வருகிறது. தான் அனுப்பியதைத் தானே பிடித்துக்கொண்டால் மென்பொருள் முடிவில்லாச் சுழலில் சிக்கும் என்பதால், புகுத்தப்பட்ட நிகழ்வுக்கு விண்டோஸ் இடும் அடையாளத்தைக் கண்டு அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். பயனர் சுட்டியால் வேறிடத்தில் சொடுக்கினால் அந்த நினைவையும் உடனே அழித்தாக வேண்டும், இல்லையேல் தொடர்பற்ற எழுத்தொன்று பறிபோகும். இத்தகைய நுணுக்கங்களையெல்லாம் வெளியார் பொறி சத்தமின்றிச் செய்துகொண்டிருந்தது என்பது, அதை நீக்கும்போதுதான் தெரியவருகிறது.

பல இயங்குதளங்களிலும் ஓட வேண்டுமெனில் பணி இன்னும் கடினமாகிறது. ஒரே 'எம்' விசைக்கு விண்டோஸ் 77 என்றும், லினக்ஸ் கருவகம் 50 என்றும், மேக் 46 என்றும் எண் தருகின்றன. லினக்ஸிலோ இடைமறிப்பதற்கு மாறாக ஐபஸ் போன்ற உள்ளீட்டுச் சட்டகத்தில் இணைவதே முறையான வழி. ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் மெல்லிய அடுக்கொன்றை எழுதி, அதன் எண்களைப் பொது எண்ணாக மாற்றிக்கொண்டு, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளியிடும் தமிழ்99 விசைப்பலகை விதி போன்றவற்றைத் தளம் அறியாத மேலடுக்கில் வைப்பதே சிறந்த அமைப்பு.

2015இல் எஸ்.ஐ.எல். அமைப்பிடம் சென்ற கீமேனும் பின்னர் கட்டற்ற நிரலாயிற்று. ஆயினும் அது மூடியிருந்த காலத்தில் தமிழுக்கெனத் திறந்த நிரலை எழுதியது தேவையான பணியே.