மருந்தோடு ஒரு முட்டை

ஊட்டக்குறைவும் தொற்றுநோயும் ஒன்றுக்கொன்று தீனி போடுபவை. கிருமி உடலில் புகுந்ததும் பசி அடங்கிவிடுகிறது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடலின் அடிப்படைச் சக்திச் செலவு பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. உள்ளே போவது குறைந்து செலவு கூடும்போது, அந்தப் பற்றாக்குறையைத் தசையைக் கரைத்தே உடல் ஈடுகட்டுகிறது. வயிற்றுப்போக்கில் துத்தநாகம் வெளியேறுகிறது. தட்டம்மையில் வைட்டமின் ஏ இருப்பு வற்றுகிறது. இப்படி மெலிந்த உடலில் நோய் எதிர்ப்பு அணுக்களும் குறைகின்றன, குடலின் உட்சுவரும் மெலிகிறது. அடுத்த கிருமிக்கு வழி எளிதாகிறது. நெவின் ஸ்கிரிம்ஷா, கார்ல் டெய்லர், ஜான் கார்டன் ஆகிய மூவரும் இந்தச் சுழலை விரிவாக விளக்கி எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1968-இல் வெளியிட்டது.

குச்சிக்கிழங்கும் முட்டையும்

இந்தச் சுழலில் உணவின் பங்கைச் சேலம் வட்டாரத்தில் பார்க்கலாம். சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ள வாழப்பாடி, பாக்குத் தோப்புகளுக்கும் மரவள்ளி வயல்களுக்கும் பெயர் பெற்ற ஊர். இந்த வட்டாரத்தில் மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்றே பெயர். சேலம், நாமக்கல் சமவெளியின் சேகோ ஆலைகள் அதிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கின்றன.

விவசாயிக்கு வருமானம் தரும் இந்தக் கிழங்கு வயிற்றை நிரப்பும், சக்தியும் தரும்; ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. நூறு கிராம் கிழங்கில் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. ஜவ்வரிசியாக மாறும்போது அதுவும் போய், ஏறக்குறைய மாவுச்சத்து மட்டுமே எஞ்சுகிறது. காய்ச்சல்காரருக்கு நாள்கணக்கில் வெறும் ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் கொடுத்தால், கரையும் தசையை மீட்க அதில் ஒன்றும் இருக்காது. பக்கத்து மாவட்டமான நாமக்கல்லோ நாட்டின் பெரிய முட்டைச் சந்தைகளில் ஒன்று. ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்கு நல்ல புரதம் இருக்கிறது. சத்துணவுக் கூடங்களில் பிள்ளைகளின் தட்டுக்கு முட்டை வந்ததன் பொருள் இந்தக் கணக்கில்தான் விளங்கும்.

திருச்சி காட்டிய வழி

ஊட்டச்சத்து உயிரைக் காக்கும் என்பதற்கு மருத்துவ உலகம் மேற்கோள் காட்டும் வலுவான சான்றுகளில் ஒன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் கிடைத்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் அங்கே 15,419 குழந்தைகளை ஓராண்டு பின்தொடர்ந்தனர். அனைவரும் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் சிறிய அளவு வைட்டமின் ஏ தரப்பட்டது. அன்றாட உணவிலிருந்து ஒரு குழந்தை பெற வேண்டிய அளவுதான் அது. 1990-இல் வெளியான முடிவின்படி, அந்தப் பிரிவில் குழந்தை இறப்பு 54 சதவீதம் குறைந்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களும் நெடுநாள் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியவர்களும் கூடுதலாகப் பயன் பெற்றார்கள்.

முருங்கைக்கீரை, பப்பாளி, மஞ்சள் பூசணி, முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றில் இச்சத்து உண்டு. கண்பார்வைக்கு என்று மட்டும் கருதப்பட்ட ஒரு சத்து, வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் குழந்தையைக் கொண்டுபோகாமல் தடுக்கவும் உதவும் என்பது இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்பட்டது.

மண்ணில் காத்திருக்கும் புழு

கொக்கிப்புழு குழந்தைகளோடு பெரியவர்களையும் வாட்டும். மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிகின்றன. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தம் வழியே நுரையீரலுக்கும், அங்கிருந்து தொண்டை வழியே குடலுக்கும் போய்ச் சேர்கிறது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு குடிப்பது ஒரு துளிக்கும் குறைவு அல்லது சில துளிகள். நூறு புழுக்கள் ஆண்டுக்கணக்கில் குடித்தால் இரும்புச்சத்து தீர்ந்து சோகை வரும். நீர் பாயும் தோப்பிலும் வயலிலும் செருப்பில்லாமல் வேலை செய்பவர்களுக்கு, சுற்றுப்புறத்தில் கழிப்பறைப் பழக்கமும் இல்லையென்றால் இந்த ஆபத்து அதிகம்.

2015 முதல் நடக்கும் தேசிய குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது: ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மில்லிகிராம், அதற்கு மேல் 400 மில்லிகிராம். மாத்திரை குடலில் இருக்கும் புழுவைக் கொல்லுமே தவிர, மீண்டும் தொற்றாமல் தடுக்காது. செருப்பும் கழிப்பறையும் இரும்புச்சத்துள்ள உணவும் சேர்ந்தால்தான் சோகை தீரும்.

சென்னையின் பாடம், ஜார்க்கண்டின் பாடம்

ஊட்டக்குறைவுக்கும் தொற்றுக்கும் உள்ள உறவு முழுமையாகத் தெரிவது காசநோயில். மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும் பாலும் முட்டையுமே சிகிச்சை. அதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தியல் சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில் எளிய உணவோடு இருந்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகைத் திருப்பிப்போட்டது: இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. ஏழை நாடுகளில் கோடிக்கணக்கானோருக்கு வீட்டிலேயே சிகிச்சை கிடைக்க வழி திறந்தது. கூடவே, உணவு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணமும் ஊன்றிப்போனது.

மருந்து கிருமியை அழிக்கிறது என்பது உண்மை. ஆனால் கிருமி தொற்றிய அனைவருக்கும் நோய் வருவதில்லை; ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே வாழ்நாளில் அது நோயாக மாறுகிறது. மற்றவர்களின் எதிர்ப்பாற்றல் கிருமியைச் சுற்றிவளைத்து அடக்கி வைக்கிறது. அந்தக் காவலைத் தளர்த்துவதில் இந்தியாவில் முதலிடம் ஊட்டக்குறைவுக்கு.

இதைக் களத்தில் சோதித்தது ஜார்க்கண்டில் 2019-இல் தொடங்கிய ரேஷன்ஸ் ஆய்வு. 2,800 நோயாளிகளும், அவர்களது வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரும் இதில் இடம்பெற்றார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய் என 10 கிலோ உணவுப்பொருளும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கிடைத்தன. 2023-இல் வெளியான முடிவின்படி, அந்தக் குடும்பங்களில் காசநோய் 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் ஊட்டம் குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசியைப் போல வேலை செய்திருக்கின்றன.

எடைக்கருவி ஒரு மருத்துவக் கருவி

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. காசநோய் உறுதியானவுடன் ஆய்வகம் இல்லாமலேயே சில அளவீடுகளைச் செவிலியர் எடுக்கிறார்: உடல் நிறை குறியீட்டெண், கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பது. குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது அபாய நிலை. 160 செ.மீ. உயரமுள்ளவர் 36 கிலோவுக்கும் கீழே மெலிந்திருப்பதை இது குறிக்கும். அத்தகையவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மருந்தோடு படிப்படியாக ஊட்ட உணவும் பெறுகிறார்கள். நெடுநாள் பட்டினியில் இருந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவு கொடுப்பதும் ஆபத்து என்பதால் மருத்துவர் கண்காணிப்பு தேவை.

சிகிச்சை பெறும் காசநோயாளிகளுக்கு, ஒன்றிய அரசின் நிக்ஷய் போஷன் யோஜனா 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. இந்தப் பணம் முட்டையாகவும் நிலக்கடலையாகவும் பருப்பாகவும் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அதன் நோக்கம் நிறைவேறும்.

அடுப்படியில் செய்யக்கூடியது

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். கரைசலோடு துத்தநாக மாத்திரை 14 நாள் தர வேண்டும்: ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம். நோய் தணிந்த பின் இரண்டு வாரமாவது நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்ப்பதும், மேற்கை நடுச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழ் போனால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் உயிர் காக்கும் செயல்கள்.

பெரியவர்களில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் சளிப் பரிசோதனை தேவை. காசநோய்க்காரருக்கு முட்டையையும் பயறையும் கீரையையும் விலக்கும் பத்தியம் எதுவும் இல்லை. கஞ்சிதான் இறங்கும் என்ற நிலையில், ஜவ்வரிசிக்குப் பதிலாக அரிசியும் பாசிப்பருப்பும், அல்லது கேழ்வரகும் பொடித்த நிலக்கடலையும் சேர்ந்த கஞ்சி நல்லது. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால், மற்றவர்களின் எடையையும் அன்றே பார்க்க வேண்டும்; அவர்களின் தட்டில் சேரும் பருப்பு அடுத்த நோயாளி உருவாகாமல் தடுக்கும்.