பின்னால் அமர்ந்த தலைவன்

1957-இல் வெளியான குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படத்தில் நாம் கண்ட ஆறு, கித்துல்கலவில் ஓடும் களனி கங்கையே. இன்று அங்கே காற்றடைத்த இரப்பர் மிதவைகளில் உல்லாசப் பயணிகள் செல்கின்றனர். மிதவையின் தலைவன் முன்னால் அமர்வதில்லை. பின்புறமிருந்து திசை திருப்பிக் கட்டளையிடுகிறான். துடுப்பு வலிப்போர் பயணிகளே. ஒருவரையொருவர் அறியாதோரை ஒருசேர வலிக்கச் செய்தல் எளிதோ?

ஆயினும், தொழில் நடத்துவோருக்குரிய பெருஞ்சோதனை கரையிலேதான். தென்மேல் பருவமழையில் ஆறு பெருகும். பயணிகள் பணத்துடன் காத்து நிற்பர். “இன்று இறங்கலாகாது” என வழிகாட்டி சொன்னால் முதலாளி இணங்கல் வேண்டும். வரும்படி போயிற்றே என்று அவன் கூலியைக் குறைப்பாராயின், மறுமுறை அவன் வாய் திறவான். அன்று உயிர்களுக்கு ஆபத்து. பெரகலச் சந்தியில் மூடுபனி கண்டு பஸ்ஸை ஓரங்கட்டும் சாரதியை நம்மவர் வைவதுண்டன்றோ? ஆற்றங்கரையிலும் அதே வசவுதான்!